ஒலி கேட்கிறது, படம் அசையவில்லை: விசுவமடு வாசகியின் கேள்விக்குப் பதில்

வாசகர் கேள்வி: பிள்ளைகளின் படிப்புக்காகக் கிளிநொச்சியில் பாவித்த கணினி ஒன்றை வாங்கினோம். இன்டெல் ஐ3 மூன்றாம் தலைமுறை, 4 ஜிபி ராம், 500 ஜிபி ஹாட் டிஸ்க், விண்டோஸ் 10. கனடாவிலிருந்து வந்திருந்த தம்பி, அப்பப்பா வற்றாப்பளைப் பொங்கலுக்கு மாட்டு வண்டியில் போன காலத்தைப் பற்றிக் கதைத்ததைத் தன் ஐபோனில் எடுத்தான். இடப்பெயர்வில் எங்கள் அல்பங்கள் எல்லாம் போய்விட்டன. அப்பப்பாவும் இப்போது இல்லை. அவருடைய குரல் இருப்பது இந்த 18 நிமிட வீடியோவில் மட்டும்தான். பென் டிரைவிலிருந்து கணினியில் ஏற்றியிருக்கிறோம். 7 ஜிபிக்கு மேல் இருக்கிறது. விண்டோஸின் வீடியோ மென்பொருளில் திறந்தால் 5212 என்று முடியும் பிழை எண் வருகிறது. விஎல்சி பிளேயரில் ஒலி ஒழுங்காகக் கேட்கிறது. படம் மட்டும் உறைந்து நிற்கிறது. மகளின் சாமத்திய வீட்டு வீடியோக்களில் ஒன்று ஒவ்வொரு முறையும் 12ஆவது நிமிடத்தில் நின்று, உள்ளே டிக் டிக் என்று சத்தம் கேட்டுக் கணினி திணறுகிறது. இன்னொன்று திறக்கவே இல்லை. அதை ஏற்றும்போது கரண்ட் நின்றது ஞாபகம். காலையில் கணினியைப் போட்டால் யூடியூப் பாடங்கள் 'பாதுகாப்பற்ற இணைப்பு' என்று மறிக்கின்றன. திறந்தாலும் விட்டு விட்டு ஓடுகின்றன. கடையில் கேட்டால், 'ஃபோர்மட்' அடித்தால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். அடிக்கலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு, தயவுசெய்து ஃபோர்மட் அடிக்க விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பவை ஒரே நோயின் பல அறிகுறிகள் அல்ல. ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல கோளாறுகள் ஒரே கணினியில் கூடியிருக்கின்றன. அவற்றில் எதையும் ஃபோர்மட் தீர்க்காது. கவனமில்லாமல் அடித்தால் அப்பப்பாவின் வீடியோவையும் சேர்த்து அழித்துவிடும்.

உங்கள் கடிதத்தில் என்னை அதிகம் கவலைப்பட வைத்தது, நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த 'டிக் டிக்' சத்தம். வீடியோ ஒன்று ஒவ்வொரு முறையும் ஒரே நிமிடத்தில் நின்று, அதே நேரத்தில் உள்ளே சத்தமும் கேட்குமானால், ஹாட் டிஸ்க்கின் தட்டில் அந்த இடம் பழுதாகி, வாசிக்கும் முனை திரும்பத் திரும்ப அதை வாசிக்க முயன்று தோற்கிறது என்றுதான் முதலில் சந்தேகிக்க வேண்டும். அதே டிஸ்க்கில்தான் அப்பப்பாவின் வீடியோவும் இருக்கிறது. ஆகவே ஏன் ஓடவில்லை என்று ஆராய்வதற்கு முன்னர், இருப்பதைக் காப்பாற்றுவோம்.

தம்பி தந்த பென் டிரைவில் மூலக் கோப்பு இன்னும் இருந்தால், அதை எடுத்து வைத்து, இனி வேறு எதற்கும் பாவிக்க வேண்டாம். அழித்துவிட்டிருந்தால், தம்பியின் ஃபோனில் அது இருக்கிறதா என்று இன்றே கேளுங்கள். இடம் போதவில்லை என்று அவர் அங்கே அழித்துவிடவும் கூடும். அதன் பின்னர், கணினியில் இருப்பதை வெளி ஹாட் டிஸ்க் ஒன்றிலோ வேறு பென் டிரைவிலோ பிரதி எடுங்கள். இங்கே ஒரு விடயத்தைக் கவனிக்க வேண்டும். சிறிய பென் டிரைவ்கள் பெரும்பாலும் ஃபாட்32 என்ற பழைய முறையில் ஒழுங்கமைக்கப்பட்டு வருகின்றன. அந்த முறையில் ஒரு தனிக் கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. 32 ஜிபி பென் டிரைவில் இடம் தாராளமாக இருந்தாலும், 7 ஜிபி வீடியோவை ஏற்ற முனைந்தால் கோப்பு மிகப் பெரியது என்று விண்டோஸ் மறுக்கும். அப்படி வந்தால், அந்தப் பென் டிரைவில் வேறு ஒன்றும் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, இந்த 4 ஜிபி எல்லை இல்லாத எக்ஸ்ஃபாட் முறையில் அதை ஃபோர்மட் அடித்துவிட்டு ஏற்றுங்கள். நீங்கள் ஃபோர்மட் அடிக்க வேண்டியது அந்த வெறும் பென் டிரைவை மட்டும்தான்.

வேண்டிய கோப்புகள் எல்லாம் வெளியே வந்தபின், 12ஆவது நிமிடத்தில் நிற்கும் அந்த வீடியோவைக் கடைசியாகப் பிரதி எடுத்துப் பாருங்கள். இந்த வரிசை முக்கியம்: பழுதான கோப்பை முதலில் எடுக்கப்போய் டிஸ்க் முழுவதும் நின்றுவிட்டால் நல்ல கோப்புகளும் அதனோடு போய்விடும். பிரதி எடுக்கும்போது பாதியில் வேகம் பூச்சியத்துக்கு விழுந்து, 'சைக்ளிக் ரிடண்டன்சி செக்' என்ற சொற்களோடு பிழைச் செய்தி வந்தால் சந்தேகம் உறுதியாகிவிட்டது. குற்றம் வீடியோவில் இல்லை, டிஸ்க்கில் இருக்கிறது. தடையின்றிப் பிரதி முடிந்து, அந்தப் பிரதியும் வேறொரு கணினியில் அதே நிமிடத்தில் நின்றால், கோப்பே பழுதாகி வந்திருக்கிறது.

டிஸ்க்கின் நிலையைக் கண்ணால் காண கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருள் போதும். ஹாட் டிஸ்க் தன்னைத் தானே கண்காணித்து எழுதிவைத்திருக்கும் குறிப்புகளை அது வாசித்துக் காட்டும். நிலை நீல நிறத்தில் இருந்தால் நல்லது. மஞ்சள் என்றால் எச்சரிக்கை. சிவப்பு என்றால் முடிவு நெருங்கிவிட்டது. பட்டியலில் 'கரண்ட் பெண்டிங் செக்டர்' என்ற வரிக்கு எதிரே பூச்சியத்தைத் தவிர வேறு எண் இருந்தால், வாசிக்க முடியாத இடங்கள் காத்திருக்கின்றன என்று பொருள். சிலர் உடனே விண்டோஸின் டிஸ்க் சோதனையை ஓட்டச் சொல்வார்கள். அந்தச் சோதனை முழுத் தட்டையும் மணிக்கணக்காகத் துருவும்; தளர்ந்த டிஸ்க் அதைத் தாங்காமல் போகலாம். பிரதி கைக்கு வரும்வரை அதைத் தொட வேண்டாம்.

அடுத்தது அப்பப்பாவின் வீடியோ. மனதை ஆற்றிக்கொள்ளுங்கள், நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் அந்தக் கோப்பு பெரும்பாலும் முழு நலத்தோடுதான் இருக்கிறது. ஒலி தொடக்கம் முதல் இறுதிவரை ஒழுங்காகக் கேட்பதே அதற்குச் சாட்சி. படம் அசையாததற்குக் காரணம், அந்தப் படத்தை விரித்துக் காட்டும் வலு உங்கள் கணினிக்கு இல்லாததுதான்.

இதைச் சற்று விளக்கமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்தச் சிக்கல் வெளிநாட்டு உறவினர் வந்துபோன வீடுகளிலிருந்து திரும்பத் திரும்ப என்னிடம் வருகிறது. வீடியோக் கோப்பின் பெயருக்குப் பின்னால் வரும் எம்பி4, எம்ஓவி, எம்கேவி என்பவை வெளி உறையின் பெயர்கள் மட்டுமே. சாக்கைப் பார்த்து உள்ளே இருக்கும் நெல் சம்பாவா நாடா என்று சொல்ல முடியாததைப் போல, உறையின் பெயரை வைத்து உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்று சொல்ல முடியாது. அந்தச் சுருக்கும் முறையைத்தான் கொடெக் என்கிறோம். 2003இல் வந்த எச்.264 என்ற முறை இன்று எந்தப் பழைய கணினியிலும் ஓடும். அதே தரத்தை ஏறக்குறைய பாதி அளவில் அடக்கும் எச்.265 முறை 2013இல் வெளியானது. 2017இல் வந்த ஐஓஎஸ் 11 முதல் ஐபோன்கள் இடத்தை மிச்சப்படுத்துவதற்காக இதைப் பாவிக்கின்றன. உங்கள் மூன்றாம் தலைமுறைச் செயலியோ 2012இல் வந்தது. அந்தச் சில்லு (சிப்) உருவானபோது எச்.265 முறையே வெளியாகியிருக்கவில்லை; ஆகையால் அதை விரிப்பதற்கான தனிப் பகுதி அதனுள் கிடையாது. இன்டெல் செயலிகளில் அந்த வசதி 2015இல் வந்த ஆறாம் தலைமுறையில்தான் சேர்ந்தது. ஐபோன் 12இலிருந்து எடுக்கப்படும், வெளிச்சத்தையும் நிறத்தையும் கூடுதல் நுணுக்கத்தோடு பதியும் எச்டிஆர் வீடியோக்களின் 10-பிட் வகைக்கு ஏழாம் தலைமுறையாவது வேண்டும்.

கோப்பின் அளவும் ஒரு செய்தி சொல்கிறது. ஐபோன் எச்.265 முறையில் சாதாரண 1080பி வீடியோவை செக்கனுக்கு 30 சட்டம் (ஃபிரேம், அதாவது தனிப் படம்) வீதம் எடுக்கும்போது நிமிடத்துக்கு ஏறக்குறைய 60 எம்பி பிடிக்கும். அதைவிட நுணுக்கமான 4கே தரத்தில் 30 சட்டம் என்றால் 170 எம்பி. 60 சட்டம் என்றால் 400 எம்பி. 18 நிமிடத்துக்கு 7 ஜிபிக்கு மேல் என்றால், தம்பி எடுத்தது 4கே, 60 சட்டம் என்பது கணக்கிலேயே தெரிகிறது. ஒரு சட்டத்தில் 83 இலட்சம் புள்ளிகள், அப்படிச் செக்கனுக்கு 60 சட்டங்கள். இவ்வளவையும் தனிப் பகுதியின் துணையில்லாமல் பொதுச் செயலியே விரிக்க வேண்டும். விஎல்சி தன்னுள்ளேயே கொடெக்கைக் கொண்டிருப்பதால் கோப்பைத் திறந்துவிடுகிறது, ஆனால் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் படத்தை உறைய விடுகிறது. விண்டோஸின் வீடியோ மென்பொருளிடம் கொடெக்கே இல்லை. அதைத்தான் 5212 என்று முடியும் அந்த எண் சொல்கிறது. என் ஊகத்தை நீங்களே சரிபார்க்கலாம்: விஎல்சியில் வீடியோவைத் திறந்து, கண்ட்ரோல் விசையை அழுத்தியபடி ஜே எழுத்தை அழுத்தினால் வரும் பெட்டியில் கொடெக், அகல உயரம், செக்கனுக்கான சட்டங்கள் மூன்றும் இருக்கும்.

மைக்ரோசொஃப்ட் ஸ்டோர் என்ற இணையக் கடையில் எச்.265க்கான நீட்சியை (எக்ஸ்டென்ஷன்) 0.99 டொலருக்கு வாங்கலாம். அதை வாங்கினால் பிழை எண் மறையும். ஆனால் செயலியின் வலு கூடாது, படம் தொடர்ந்து உறையும். உங்களுக்கு அது வீண் செலவு. 'இந்தக் கொடெக்கை இறக்கினால் வீடியோ ஓடும்' என்று கூவும் இணையப் பக்கங்களின் பக்கமே போக வேண்டாம். அவற்றின் வழியாகக் கணினிக்குள் வருபவை பல வேளைகளில் தகவல்களைக் களவெடுக்கும் மென்பொருட்களே. விஎல்சியைக்கூட அதை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் இறக்குங்கள்.

உங்களுக்குப் பொருத்தமான வழி, பார்ப்பதற்கென்று இலேசான ஒரு பிரதியை உருவாக்குவது. தம்பியிடம் ஓரளவு புதிய கணினி இருக்குமானால், ஹாண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் மூலக் கோப்பைத் திறந்து, 'ஃபாஸ்ட் 1080பி30' என்ற தயார்நிலையை (பிரீசெட்) தெரிவுசெய்து மாற்றி அனுப்பச் சொல்லுங்கள். எச்.264 முறையில், மூலத்தைவிட மிகச் சிறிய அளவில் வரும் அந்தப் பிரதி உங்கள் கணினியில் தடங்கலின்றி ஓடும். உங்கள் கணினியிலேயே மாற்ற முனைந்தால், 18 நிமிட வீடியோவுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். இடையில் கரண்ட் நின்றால் அதுவரை செய்தது முழுவதும் வீணாகும். வட்ஸ்அப்பில் சாதாரண வீடியோவாக அனுப்பச் சொல்லவும் வேண்டாம். அது படத்தை மிகவும் நசுக்கிவிடும். அப்பப்பாவின் முகச் சுருக்கங்கள்கூடத் தெரியாமல் போகும். ஹாண்ட்பிரேக் பிரதியை 'டொக்கியூமென்ட்' ஆக இணைத்து அனுப்பினால் 2 ஜிபி வரை உள்ளது உள்ளபடி வந்துசேரும். மாற்றிய பிரதியில் நிறங்கள் சற்று வெளிறித் தெரிந்தால் பதற வேண்டாம். எச்டிஆர் வீடியோ சாதாரணத் திரைக்கு மாறும்போது அப்படி நேர்வதுண்டு. ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம்: இலேசான பிரதி வந்துவிட்டது என்று 7 ஜிபி மூலத்தை ஒருபோதும் அழிக்காதீர்கள். நாளை நீங்கள் வாங்கும் கணினி அதை அப்படியே ஓட்டும். அப்பப்பாவை அவ்வளவு தெளிவாக இனி எவரும் படம் பிடிக்கப் போவதில்லை.

திறக்கவே மறுக்கும் சாமத்திய வீட்டு வீடியோவுக்கு வருவோம். ஏற்றும்போது கரண்ட் நின்றது என்ற உங்கள் ஞாபகம் மிகவும் உதவியது. விண்டோஸ் ஒரு கோப்பைப் பிரதி எடுக்கத் தொடங்கும்போதே அதன் முழு அளவுக்கும் இடம் ஒதுக்கிவிட்டுப் பிறகுதான் உள்ளடக்கத்தை நிரப்புகிறது. இடையில் மின்சாரம் நின்றால், அளவு சரியாகத் தெரியும், ஆனால் உள்ளே பிற்பகுதி வெறுமையாக இருக்கும். கமராக்கள் எம்பி4 கோப்பு எழுதும்போது, எந்தச் சட்டம் எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணையைப் பதிவு முடிந்த பின்னர், பெரும்பாலும் கோப்பின் கடைசியில்தான் எழுதுகின்றன. கடைசிப் பகுதி இல்லையென்றால் அட்டவணை இல்லை. அட்டவணை இல்லையென்றால் எந்த மென்பொருளாலும் திறக்க முடியாது. கோப்பின் பண்புகளைப் பார்க்கும்போது அளவு இருந்து, நீளம் என்ற இடம் மட்டும் வெறுமையாக இருந்தால் இதுதான் நடந்திருக்கிறது. மருந்து எளியது: வீடியோக்காரரிடம் இருந்து வந்த பென் டிரைவிலிருந்து மறுபடி ஏற்றுங்கள். அது இல்லையென்றால், அவரிடம் இன்றே போய்க் கேளுங்கள். அடுத்த கலியாண வீட்டுக்கு இடம் வேண்டும் என்று அவர் தன் கணினியில் அழித்துவிட முன்னர் கேட்பது நல்லது. அவரிடமும் திறக்கவில்லையென்றால், பதிவின்போதே கோளாறு நடந்திருக்கலாம். அப்போதும் அதே கமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல வீடியோ ஒன்றை மாதிரியாகக் கொடுத்து அட்டவணையை மீளக் கட்டும் அன்ட்ரங்க் போன்ற மென்பொருட்கள் இருக்கின்றன. வெற்றி நிச்சயமில்லை, ஆனால் முயலாமல் விடக்கூடாது.

காலையில் யூடியூப் மறிப்பது இவை எல்லாவற்றிலும் சிறிய கோளாறு. அடுத்த முறை அந்த எச்சரிக்கை வரும்போது திரையின் வலது கீழ் மூலையில் திகதியைப் பாருங்கள். பல வருடங்கள் பின்னால் போயிருக்கும் என்று நினைக்கிறேன். இணையத்தளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்குத் தொடக்கத் திகதியும் முடிவுத் திகதியும் உண்டு. கணினி தான் 2012இல் இருப்பதாக எண்ணிக்கொண்டிருந்தால், சான்றிதழ் இன்னும் தொடங்கவில்லை என்று உலாவி மறித்துவிடும். மதர்போர்டில் நாணயம் போல இருக்கும் சிஆர்2032 என்ற 3 வோல்ட் பற்றரி தீர்ந்துவிட்டது; இரவில் செருகியை நிறுத்தும்போதும் கரண்ட் நிற்கும்போதும் கணினிக்கு நேரம் மறந்துபோகிறது. பற்றரி மணிக்கூட்டுக் கடைகளிலும் கிடைக்கும். செருகியைக் கழற்றிவிட்டு, பழையது எந்தப் பக்கம் மேலே இருந்தது என்று பார்த்து, அப்படியே புதியதை வைத்து, திகதியைத் திருத்திவிடுங்கள்.

விட்டு விட்டு ஓடுவதற்குக் காரணம் இணையமா கணினியா என்பதை யூடியூப் திரையிலேயே கண்டுபிடிக்கலாம். வீடியோவின் கீழே ஓடும் சிவப்புக் கோட்டுக்கு முன்னால் சாம்பல் நிறக் கோடு ஒன்று நீளும். அது இறங்கிவிட்ட பகுதி. படம் நிற்கும்போது சிவப்பு சாம்பலின் நுனியைத் தொட்டுவிட்டால் குற்றம் இணைப்பில். சாம்பல் கோடு தூரத்தில் இருக்கும்போதே படம் இழுபட்டால் குற்றம் கணினியில்; கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பார்த்தால் செயலி நூறு வீதத்தை எட்டி நிற்கும். யூடியூப் இப்போது விபி9, ஏவி1 என்ற புதிய முறைகளில் அனுப்புகிறது. உங்கள் சில்லுக்கு அவையும் அந்நியமானவை. எச்264ஃபை என்ற உலாவி நீட்சி பழைய எச்.264 முறையிலேயே அனுப்பும்படி கேட்டு வாங்கும். தரத்தையும் 480பிக்கு இறக்கிவிடுங்கள். கரும்பலகை எழுத்தைப் படிக்க அது போதும், டேட்டாவும் மிஞ்சும். பாடம் நன்றாகத் தொடங்கி, சிறிது நேரத்தின் பின்னர்தான் இழுபடுகிறது என்றால் சூட்டையும் சந்தேகியுங்கள். நம் ஊர்ச் செம்மண் புழுதி விசிறியின் கீழ் கம்பளம் போலப் படிந்துவிடும்; செருகியைக் கழற்றி, விசிறி சுழலாமல் விரலால் பிடித்துக்கொண்டு, காய்ந்த தூரிகையால் தட்டி எடுத்தால் போதும்.

கையில் இருக்கும் பணத்தை எதற்கு முதலில் செலவழிப்பது என்று கேட்டால், வெளி ஹாட் டிஸ்க், பற்றரி, அதன் பின்னர் கணினிக்குள் பொருத்த, சுழலும் தட்டில்லாத வேகமான சேமிப்பகமான எஸ்எஸ்டி (240 ஜிபி) ஒன்று என்பேன். எஸ்எஸ்டியில் விண்டோஸைப் புதிதாக நிறுவும்போது, பழைய ஹாட் டிஸ்க்கின் வயரைக் கழற்றிவிட்டு நிறுவச் சொல்லி, நீங்கள் பக்கத்திலேயே இருங்கள். தவறான டிஸ்க்கைத் தெரிவுசெய்து அழித்துவிடும் ஆபத்து அப்போது இருக்காது. வேலை முடிந்த பின்னரும் பழைய டிஸ்க்கைக் கடையில் விட்டு வராதீர்கள். வெளியே எடுத்த பிரதிகளை, அப்பப்பாவின் 18 நிமிடம் உட்பட, ஓடக்கூடிய ஒரு கணினியில் முதலிலிருந்து முடிவுவரை ஓட்டிப் பார்த்து, ஒவ்வொன்றும் வேறு வேறு இரண்டு இடங்களில் இருக்கிறது என்று உறுதியாகும்வரை அது உங்கள் அலுமாரியில் இருக்கட்டும்.